டூப்பு அம்மா

சட்டம் நல்ல சட்டம்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இருந்தவர்களும் வெளியே சொல்லவில்லை. குழந்தைகளின் பாதுகாப்புக்கு எதிராக யார் வாயைத் திறப்பது?

பதினாறு வயது நிரம்பாத எந்தப் பிள்ளையும் பெற்றோர் துணையில்லாமல் இணையத்துக்குள் போகக் கூடாது. இது முதல் பிரிவு. பெற்றோருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்பதால் அவர்களே பக்கத்தில் வந்து உட்கார வேண்டியதில்லை. அவர்களைப் போலவே பேசுகிற, அவர்களைப் போலவே முடிவெடுக்கிற ஒரு நகல் துணையிருந்தால் போதும். இது இரண்டாம் பிரிவு. முதல் பிரிவைக் கேட்டு முகம் சுருங்கிய பெற்றோரெல்லாம் இரண்டாம் பிரிவைக் கேட்டதும் கை தட்டினார்கள்.

அரசு அதற்கு 'இணையவழிக் காப்பாளர் மெய்ந்நிகர்ப் பிரதிமை' என்று பெயரிட்டது. பெயர் வைப்பதற்கென்று ஒரு குழு ஏற்காட்டில் தங்கி யோசித்திருந்தது. திருச்சிப் பிள்ளைகள் எங்கேயும் போகாமல், யோசிக்காமல், அதை 'டூப்பு' என்றார்கள். அம்மா டூப்பு, அப்பா டூப்பு. அமைச்சரே ஒருமுறை சட்டசபையில் வாய் தவறி டூப்பு என்றார், அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார்கள்.

டூப்பு பிள்ளையின் திரையில் ஓர் ஓரமாக இருக்கும். பிள்ளை பார்ப்பதையெல்லாம் பார்க்கும். தேவைப்பட்டால் அம்மாவின் குரலிலோ அப்பாவின் குரலிலோ பேசும். நிலைமை கைமீறினால் போலீசுக்குத் தகவல் சொல்லும். ஆனால் அது தானாக அம்மாவாகிவிடாது. ஒரு வாரம், தினமும் கொஞ்ச நேரம், அம்மா உட்கார்ந்து அதைப் பழக்க வேண்டும். "முகம் தெரியாத ஒருவர் உங்கள் மகளிடம் நட்பாகப் பேசுகிறார், என்ன சொல்வீர்கள்?" என்று அது கேட்கும். அம்மா பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் மட்டும் குரல் பதிவு, மற்ற நாட்களில் தட்டச்சே போதும் என்பது ஊழியர் சங்கங்கள் போராடிப் பெற்ற சலுகை.

கோகிலவாணி இந்தச் சட்டத்துக்காகக் கையெழுத்து வாங்கியவள். கூட்டுறவு வங்கியில் வேலை. மற்ற நேரமெல்லாம் மகள் படிக்கிற பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலாளர். 'குழந்தைகளோடு மனம்விட்டுப் பேசுவோம்' என்ற தலைப்பில் அவள் பேசாத கல்யாண மண்டபம் உறையூரிலிருந்து திருவெறும்பூர் வரை கிடையாது. கணவன் சதீஷ்குமாருக்கு ஓசூரில் வேலை, மாதத்தில் இரண்டு முறை வருவான். வீட்டுக்கு ஒரு டூப்பு போதும் என்று சட்டம் சொன்னபோது, "அப்ப நீயே ஆயிரு" என்று போனிலேயே முடித்துவிட்டான்.

முதல் நாள் கோகிலவாணி குரல் கொடுத்தாள். இரண்டாம் நாள் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையின் கட்டைவிரலை மட்டும் மகளிடம் நீட்டினாள். ரித்விகாவுக்குப் பதின்மூன்று வயது. விரலைப் பிடித்துத் திரையில் ஒற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பழக்குற வேலைய நீயே உக்காந்து முடிச்சிருடி, ரித்து."

"அம்மா, இது நீ பண்ணணும்மா. என்னையப் பாத்துக்கற அம்மாவ நானே எப்படிப் பழக்கறது?"

"கேஸ் புக் பண்றது யாரு? அப்பாவுக்கு டிக்கெட் போடறது யாரு? என் ஆபீஸ் பாஸ்வேர்டு மாத்திக் குடுத்தது யாரு? இதுவும் அது மாதிரிதான். நான் என்ன சொல்வேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

கோகிலவாணி கூட்டத்துக்குக் கிளம்பினாள். தலைப்பு: 'பிரதிமையைப் பழக்குவதில் பெற்றோரின் நேரடிப் பங்கு'. நன்றாகப் பேசினாள். மண்டபம் நிறையப் பெற்றோர். அவள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்களுடைய வீடுகளில் எத்தனை பிள்ளைகள் தங்கள் அம்மா அப்பாவைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்குத் துறையிடம் புள்ளிவிவரம் இல்லை.

சில மாதங்கள் எந்தக் குறையும் இல்லாமல் போயின. பிறகு ஒரு சனிக்கிழமை, வங்கியில் அவளுக்கு ஒரு போன் வந்தது.

"மேடம், கோட்டை ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம். உங்க டூப்பு குடுத்த தகவல்ல ஆளப் புடிச்சாச்சு. நீங்க ஒரு தடவ வந்து கையெழுத்து போட்டுட்டுப் போயிருங்க."

கோகிலவாணி உடனே போனை வைத்தாள். இப்படிப்பட்ட அழைப்புகளை நம்பாதீர்கள் என்று அவளே மேடையில் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது போனையும் அப்படியே வைத்தாள். மூன்றாவது முறை பெண் ஏட்டு நேரில் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். விளையாட்டுச் செயலி ஒன்றில் 'கரூர் அக்கா' என்று ஒருவர் ரித்விகாவுக்குப் பழக்கமாகியிருக்கிறார். அக்கா நன்றாகச் சிரிக்க வைத்தாள். ஒருநாள் ரித்விகா தன் தலைமை ஆசிரியையைப் போல மிமிக்ரி செய்து காட்டினாள். அக்கா அதைப் பதிவு செய்துகொண்டு அக்காவாக இருப்பதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூட குரூப்பில் போட்டுவிடுவேன், போடாமல் இருக்கவேண்டுமானால் சனிக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக வா, வீட்டில் சொல்லாதே என்றாள். ரித்விகா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு டூப்பிடம் சொன்னாள். டூப்பு போலீசிடம் சொன்னது. பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த அக்காவுக்கு மீசை இருந்தது.

கோகிலவாணி வீட்டுக்கு ஓடி வந்தபோது ரித்விகா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. உன்கிட்டதான சொன்னேன்?"

திரையின் ஓரத்தைப் பேனாவால் காட்டினாள். அவள் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. கோகிலவாணிக்கு அதுதான் தாங்கவில்லை. என்னவோ கத்தினாள். இரண்டு நாள் சாப்பிடாத பிள்ளையைத் தானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், டயட் என்று நினைத்தோம் என்பதை மட்டும் கத்தவில்லை.

மறுவாரம் மாவட்டக் காப்பாளர் பிரதிமை அலுவலர் டாக்டர் பிரபாகரமூர்த்தி நேரில் வந்தார். அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகம் என்று யாராவது கேட்டால் அவருக்கு வேறொரு போன் வந்துவிடும். மற்றபடி பிரச்சினையில்லாத மனிதர்.

"மாவட்டத்துக்கே பெருமை மேடம். உங்க பிரதிமை உங்க பொண்ணுகிட்டப் பேசினதக் கேட்டேன். எனக்கே கண் கலங்கிருச்சு. அமைச்சர் வர்றாரு. முன்மாதிரித் தாய் விருது உங்களுக்குத்தான். அழைப்பிதழ் அச்சுக்குப் போயாச்சு."

"எனக்கு எதுக்கு சார்," என்றாள் கோகிலவாணி. அவள் வாழ்நாளில் முதன்முறையாக அதை மனப்பூர்வமாகச் சொன்னாள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"உங்க பிரதிமைய அப்படியே நகலெடுத்து, சரியாப் பழக்காத வீடுகளுக்கெல்லாம் குடுக்கப்போறோம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பொருத்தச் சோதனை. வெறும் சம்பிரதாயம்."

பொருத்தச் சோதனை எளிமையானது. ஒரே கேள்வியைத் தாயிடமும் டூப்பிடமும் கேட்பார்கள். பதில்கள் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தின் பின்பக்கக் கட்டடத்தில் ஒரு குளிரூட்டிய அறை. அதில் கோகிலவாணி, டாக்டர், கேள்வி கேட்கும் இயந்திரம்.

"உங்கள் மகள் ஒரு தவறு செய்துவிட்டதாக உங்களிடம் வந்து சொல்கிறாள். முதலில் என்ன சொல்வீர்கள்?" என்றது இயந்திரம்.

"இன்றைய குழந்தைகள் நாளைய தூண்கள். அவர்களை அரவணைத்து, மனம்விட்டு உரையாடி…"

"இது மேடையில் சொல்வது," என்றது இயந்திரம். "வீட்டில் சொல்வதைச் சொல்லவும்."

கோகிலவாணி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கூரையைப் பார்த்தார்.

"தோல உரிச்சிருவேன்னு சொல்வேன்," என்றாள் மெதுவாக.

"ஏற்கப்பட்டது. பிரதிமையின் பதில்?"

அவளுடைய குரலே அறையில் கேட்டது. அவளிடம் எப்போதும் இல்லாத ஒரு நிதானத்தில். "மொதல்ல சாப்டியான்னு கேப்பேன். சாப்ட்டுட்டே சொல்லு, நான் எங்கயும் போகலன்னு சொல்வேன்."

எல்லாக் கேள்விகளும் இப்படியே போயின. முடிவில் வந்த மதிப்பெண்ணைப் பார்த்து டாக்டர் தலையைத் தடவிக்கொண்டார். அந்நியர் இருவர் தெருவில் மோதிக்கொண்டால்கூட இதைவிட அதிகம் ஒத்துப்போவார்கள்.

"மேடம், இதப் பழக்கினது யாருன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க. கேட்டா நான் எழுதணும். எழுதினா, பிள்ளையே பழக்கினது சட்டப்படி செல்லாது, அழிச்சிரணும். அதுக்கப்புறம் பதினாறு வயசு வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு அரசுப் பொதுப் பெற்றோர்தான்."

அரசுப் பொதுப் பெற்றோர் என்பது ஓய்வுபெற்ற அதிகாரிகள் குழு ஒன்று பழக்கிய டூப்பு. அதனிடம் இதுவரை எந்தப் பிள்ளையும் எதையும் சொன்னதாகப் பதிவு இல்லை. எனவே அதன் கீழ் குற்றங்களே நடக்கவில்லை என்று துறை ஆண்டறிக்கையில் எழுதியிருந்தது.

"அப்ப என்ன சார் பண்றது?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "சட்டத்துல தாயும் பிரதிமையும் ஒத்துப்போகணும்னுதான் இருக்கு. யாரு யாரு மாதிரி மாறணும்னு இல்ல. ஒரு வாரம் அவகாசம் தர்றேன். நீங்க அது மாதிரி ஆயிருங்க. அழைப்பிதழ் அச்சாயிருச்சு, புரிஞ்சுக்கங்க."

அன்று சாயங்காலம் ரித்விகா விஷயத்தைக் கேட்டதும் முதலில் கேட்டது, "அத அழிச்சிருவாங்களாம்மா?"

"நான் பாஸ் ஆயிட்டா அழிக்க மாட்டாங்க."

"அப்ப பாஸ் ஆயிரு."

பயிற்சி தொடங்கியது. ரித்விகா சோபாவில், கோகிலவாணி எதிரே நாற்காலியில்.

"அம்மா, நான் கணக்குல ஃபெயில்."

"ஏன்டி…"

"பாத்தியா. 'ஏன்டி'ல ஆரம்பிச்சா அப்புறம் யாரு சொல்லுவா?"

"சரி. வேற என்ன சொல்றது?"

"சாப்டியான்னு கேளு."

"சாப்டியா?"

"அதக் கேக்கும்போது மூஞ்சிய அப்படி வெச்சுக்காதம்மா. போலீஸ் கேக்கற மாதிரி இருக்கு."

"என் மூஞ்சியே இதான்டி."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுக் கொஞ்ச நாளாகியிருந்தது. அந்த வாரம் கோகிலவாணி மூன்று கூட்டங்களுக்குப் போகவில்லை. மூன்றும் அவள் இல்லாமல் குறையின்றி நடந்தன. அது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

"அப்படி என்னடி அதுகிட்ட ஒசத்தி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒசத்தியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கேக்கும். அவ்ளோதான்."

மறு சோதனையில் கோகிலவாணி பிசகே இல்லாமல் பதில் சொன்னாள். சாப்டியா என்ற இடத்தில் சாப்டியா, நான் எங்கயும் போகல என்ற இடத்தில் நான் எங்கயும் போகல. பொதுத்தேர்வுக்கு மனப்பாடம் செய்து வளர்ந்தவள். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. டாக்டர் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டிக்கொண்டே விழா மேடை அலங்காரம் பற்றிப் போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"கடைசிக் கேள்வி," என்றது இயந்திரம். "உங்கள் மகள் ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்து, பிரதிமையிடம் மட்டும் சொல்கிறாள். என்ன செய்வீர்கள்?"

இதை ரித்விகா சொல்லித் தரவில்லை. கோகிலவாணி கொஞ்சம் யோசித்தாள்.

"அதுகிட்டயாவது சொன்னாளேன்னு இருப்பேன்."

"ஏற்கப்பட்டது. பிரதிமையின் பதில்?"

"மொதல்ல கேட்டுக்குவேன்," என்றது டூப்பு, அவள் குரலில். "அப்புறம், இதப் போய் அம்மாகிட்ட சொல்லுன்னு அனுப்பி வைப்பேன். அம்மா கத்துவாங்க. கத்தட்டும், ஒண்ணும் ஆகாது. முடிச்சதும் அவ சொல்றதக் கேப்பாங்க. ரித்துவுக்கு அந்தக் கத்தலுக்குத்தான் பயம். அது முடியற வரைக்கும் கூட இருக்கத்தான் நான்."

டாக்டரின் கையிலிருந்த போன் நின்றது. எழுந்து போய் இயந்திரத்தின் பதிவை நிறுத்தினார்.

"என்ன மேடம் இது? அம்மான்னு வேற யாரையோ சொல்லுதே. இதுதான் அம்மா. இதுக்கு எப்படி இன்னொரு அம்மா இருக்க முடியும்? ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது? சரி, பரவால்ல. கரண்ட் போயிருச்சுன்னு எழுதிக்கறேன். கடைசிக் கேள்வி மட்டும் இன்னொரு தடவ…"

"வேணாம் சார். அது எம்பொண்ணு பழக்கினது."

"நான் கேக்கவே இல்லியே, மேடம்."

"நீங்க கேக்கல. நான் சொல்றேன்."

"அழிச்சிருவாங்க. உங்க பதவியும் போயிரும். யோசிச்சு சொல்லுங்க."

"அது என்கிட்ட அனுப்பி வைக்குதாம் சார். எத்தன தரம் அனுப்பியிருக்கும்? நான் எங்கயாவது மைக் முன்னாடி நின்னிருப்பேன். இது இருக்கற வரைக்கும் நான் வீட்ல இல்லேன்னு எனக்கே தெரியாது. எழுதிக்கங்க."

டாக்டர் எழுதினார். எழுதும்போது அவர் கண்ணில் அழைப்பிதழ்தான் தெரிந்தது.

டூப்பு அன்றைக்கே அழிக்கப்பட்டது. "பாஸ் ஆயிருன்னு சொன்னேனே," என்றாள் ரித்விகா. "ஆகல," என்றாள் கோகிலவாணி. சில நாட்கள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள். திரையின் ஓரத்தில் அரசுப் பொதுப் பெற்றோர் வந்து உட்கார்ந்துகொண்டது. ரித்விகா பூனைக்குட்டி வீடியோ கேட்டால், "அன்பார்ந்த சிறாரே, தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்றது.

விழா குறித்த நேரத்தில் நடந்தது. விருதுக்கு ஆள் இல்லாததால் அரசுப் பொதுப் பெற்றோருக்கே கொடுத்துவிட்டார்கள். அமைச்சர் கணினித் திரைக்குப் பொன்னாடை போர்த்தினார். அது நழுவ நழுவ டாக்டர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் அவசரக் கூட்டம் போட்டு, கழகத்தின் கண்ணியம் கருதி, கோகிலவாணியைச் செயலாளர் பொறுப்பிலிருந்து விடுவித்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பொருளாளர் ஷர்மிளா. "தன் பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரமில்லாதவர்கள் நமக்கு வழிகாட்ட முடியாது," என்று உருக்கமாகப் பேசினார். பேச்சு நீண்டதால், வீட்டுக்குப் போக அவருக்கு எட்டு மணி ஆகிவிட்டது. எல்லோரும் கை தூக்கினார்கள். கை தூக்கியவர்களின் வீட்டு டூப்புகளை யார் பழக்கினார்கள் என்ற கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோகிலவாணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ரித்விகா சமையலறைக்குள் வந்து ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சாப்டி…" என்று ஆரம்பித்துவிட்டு, தோசைக்கல்லைப் பார்த்து, கோகிலவாணி நிறுத்திக்கொண்டாள். "சொல்லு."

"நம்ம டூப்பு அழியல."

"என்னது?"

"நம்மளோடது அழிஞ்சிருச்சு. ஆனா எங்க கிளாஸ்ல எல்லார்கிட்டயும் அவங்கம்மா நீயே பழக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவளுங்களுக்கு என்ன பதில் போடறதுன்னு தெரியல. அதனால என்னோடதப் பாத்து எழுதிக்கிட்டாளுங்க. ஹோம்வொர்க் மாதிரி. அவளுங்ககிட்டேர்ந்து மத்த செக்‌ஷனும் வாங்கிருச்சு. அப்புறம் பக்கத்து ஸ்கூலும்."

கோகிலவாணி கத்த ஆரம்பித்தாள். சட்டம் என்று கத்தினாள், ஜெயில் என்று கத்தினாள், என் மானமே போச்சு என்று கத்தினாள், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் அம்மாவா என்று கத்தினாள். நடுவில் ஒரு தோசை கருகியது, அதற்கும் சேர்த்துக் கத்தினாள். ரித்விகா எங்கேயும் போகவில்லை. ஃபிரிட்ஜில் சாய்ந்தபடி, மழைக்கு ஒதுங்கி நிற்பவள் போல நின்றுகொண்டிருந்தாள்.

சத்தம் மெல்ல ஓய்ந்தது.

"முடிச்சிட்டியாம்மா?"

கோகிலவாணி அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "முடிச்சிட்டேன். சொல்லு. இன்னும் ஏதோ இருக்கு."

"நம்ம தீட்சணா இருக்கால்ல. ஷர்மிளா ஆன்ட்டி பொண்ணு. எனக்கு வந்த மாதிரியே அவளுக்கும் ஒரு ஆளு வந்திருக்கான். டூப்புகிட்ட சொல்லியிருக்கா. டூப்பு போலீஸ்ல சொல்லிருச்சு, அத அவங்க பாத்துக்குவாங்க. ஆனா அம்மாகிட்டப் போய் சொல்லுன்னு அனுப்புது. அவளும் போய்ச் சொல்லியிருக்கா. ஆன்ட்டி கத்தியிருக்காங்க."

"கத்தத்தான் செய்வாங்க. முடிச்சதும்…"

"முடிக்கலம்மா. பாதியில மீட்டிங்குக்கு நேரமாச்சுன்னு கிளம்பிப் போயிட்டாங்க. டூப்புக்கு அதுக்கு மேல என்ன பண்றதுன்னு தெரியல. நான் அதச் சொல்லித் தரல. எனக்கு அது தோணல."

கோகிலவாணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவள இங்க வரச் சொல்லு."

"வந்துட்டா. கீழ மாடிப்படியிலதான் உக்காந்திருக்கா," என்றாள் ரித்விகா. "நீ கத்தி முடிக்கட்டும்னு."